தமிழை அச்சேற்றிய அண்டிரிக்கி அடிகளார்



சென்ற கோடை விடுமுறைக்கு முந்திய வகுப்பிலே மாணவி ஒருத்தி எழுந்து நின்று, தன் குடும்பத்தார் விடுமுறைக்குப் போர்த்துக்கல் நாட்டுக்குச் செல்லவிருப்பதாகவும், அங்குள்ள கோயில்களையும் மாளிகைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்க்கப் போவதாகவும் கூறினாள். அவற்றுள் தமிழருக்கு உரியது ஏதேனும் உண்டா என்றும் வினவினாள். மணி அடித்துவிட்டமையால் உண்டு என்று மட்டும் சொல்லி வகுப்பை முடித்தோம். அவ்விடை போதாது என்பது எமக்கே தெரியும். எஞ்சிய விடையை இம்மலரின் பக்கங்களில் எழுதுகின்றோம்.

போர்த்துக்கேயர் எம் மாணவர்க்கு அந்நியர் அல்லர். மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சென்றடையக்கூடிய நுவார்க் நகரின் அயன்பவுண்ட் பகுதியில் அம்மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய வெதுப்பகங்களில் முட்டைப் பாகு நிரப்பிய சிறு பலகாரத்தை உண்டவர் நம்முள் பலர். ஆயின் 450 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் குலத்தவர் ஒருவர் நம் மொழிக்குச் செய்த பணியை அறிந்தவர் சிலரே. அவர் பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். முத்துக்குளித்துறை மக்கள் அப்பெயரைத் தம் நாவுக்கு இசைய மாற்றி அண்டிரிக்கிப் பாதிரியார் என்று அழைத்தனர். நாமும் அவரை அண்டிரிக்கி அடிகளார் என்றே அழைப்போம்.

பளிங்கு ஊரில் பிறந்தவர்

லிஸ்பன் நகருக்குக் கிழக்கே, ஸ்பானிய எல்லையை அண்டி, அலென்தேஜோ என்னும் நிலப்பகுதியில் விலா விசோசா என்ற சிற்றூர் உள்ளது. அது பளிங்குக்குப் பெயர்போன ஊர். நம்மூரில் சுண்ணாம்புக் கல் எளிதாய்க் கிடைப்பது போல அங்கே பளிங்கு கிடைக்கின்றது. ஊரின் நடுவே பிரகன்சாக் கோமக்களின் அரண்மனை நீண்ட பளிங்கு முகப்புடன் நிற்கின்றது. 1501 இல் தொடங்கப்பெற்ற அம்மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பின்னாளில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ல்சை மணந்து பம்பாயைச் சீதனமாகக் கொண்டு சென்ற கதரீனா பிறந்ததும் இவ்வூரிலேயே.

அடிகளார் 1520 இல் இங்கே பிறந்தார். அவர் பிறந்த வீடு மாளிகையன்று. அவர் குடும்பத்தினர் யூத மரபில் வந்தவர்கள். போர்த்துக்கல் நாட்டு யூதர்கள் 1497 இல் வலிந்து மதம் மாற்றப்பட்டனர். மாறிய பின்னரும் அவர்களைப் புதுக் கிறித்தவர் என்று பிரித்தே பேசினர், ஐயத்துடனேயே நோக்கினர். 1536 இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டபோது அந்த ஐயம் அச்சமாக வளர்ந்தது. இளைஞரான அடிகளார் பிரான்சிஸ்கன் துறவிகளின் சபையிற் சேர்ந்தார். அவருடைய குல மரபு அங்கே தடையாயிற்று. சபையை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. குற்றம் ஏதும் செய்யாமல், பிறப்பின் காரணமாக மட்டும் ஒரு கதவு தமக்கு அடைபடுவதை அவர் கண்டார். பிறந்த நாட்டிலேயே அந்நியராக எண்ணப்படுவது எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கொயிம்பிராவில் கற்றவர்

அடுத்துப் பார்க்க வேண்டிய ஊர் கொயிம்பிரா. போர்த்துக்கல்லின் பழம்பெரும் பல்கலைக்கழகம் 1537 முதல் அங்கேயே நிலைபெற்றது. அடிகளார் அந்நகரில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545 இல் சேசு சபையார் அவரை ஏற்றுக்கொண்டனர்.

கொயிம்பிராவுக்குச் செல்லும் மாணவர்கள் 18 ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜுவானினா நூலகத்தையும் காணலாம். அங்கே வௌவால்கள் குடியிருந்து இரவில் வெளிவந்து, ஏடுகளை அரிக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. அவற்றின் எச்சம் படாதிருக்கப் பணியாளர் மாலைதோறும் மேசைகளைத் தோலால் மூடிவிட்டுச் செல்வர். நூலைக் காக்கும் பணியில் வௌவாலுக்கும் பங்குண்டு என்பதைச் சிறுவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

1546 இல் அடிகளார் லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 26. கோவாவை அடைந்த அவர், மறு ஆண்டில், பாண்டி நாட்டுக் கரையோரமாகிய முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

தமிழிலன்றிப் பேசலாகாது

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530 களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். அவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், மொழிபெயர்த்துத் தரப்பட்ட மன்றாட்டுகளை மனனஞ் செய்து ஓதினாரேயன்றித் தமிழைச் செம்மையாகக் கற்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. ஆகவே தமிழ் கற்கும் பணியை அடிகளாரிடம் ஒப்படைத்தார்.

அன்று அயல்நாட்டார் தமிழ் கற்பதற்கு ஏற்ற நூல் இல்லை, அகராதி இல்லை. நம் நாட்டில் தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தன. ஆனால் அவை தமிழ் அறிந்தவர்க்குத் தமிழை விளக்கும் நூல்கள். முற்றும் அறியாத ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழி எதுவும் இல்லாமையால் அடிகளார் தாமே ஒரு வழி அமைத்தார். கேட்ட சொற்களைக் குறித்துக்கொண்டார். வினைச்சொல் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எவ்வாறு திரிகின்றது என்பதை, தாம் முன்னரே கற்றிருந்த இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு வகுத்தார். இவ்வாறு 1549 அளவில் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் உருவாயிற்று. ஐரோப்பியர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களுள் இதுவே மிகப் பழையது. செய்யுள் தமிழையன்று, கடற்கரையில் வலை இழுத்தவர்களும் சந்தையில் மீன் விற்றவர்களும் பேசிய தமிழையே அது பதிவு செய்தது. அதனால் 16 ஆம் நூற்றாண்டின் பேச்சு வழக்கை அறிய விரும்புவோர்க்கு இன்று அது பெருஞ்செல்வம்.

அவர் மேற்கொண்ட மற்றொரு முறையை நாம் குறிப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம். அக்கரையில் அவருடன் பணிபுரிந்த துறவிகள் ஒருவரோடொருவர் தமிழிலேயே பேச வேண்டும் என்று விதித்தார். அவர்கள் அனைவரும் ஐரோப்பியர்; தம் மொழியிற் பேசினால் நொடியில் கருத்து விளங்கும். இருந்தும், தமிழை விட்டுப் பேசியவர் அதற்கென ஒரு சிறு தண்டனையை ஏற்க வேண்டியிருந்தது. தமிழர் எவரும் அருகில் இல்லாத வேளையிலும், பிழைபடவேனும், தமிழிலேயே பேசினர்.

இதைப் படித்தபோது எமக்கு நாணம் ஏற்பட்டது. ஊரிலே பல ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராகத் தமிழ் கற்பித்தவர் நாம். ஆயினும் இங்கே வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் மாலைகளில், மகன் ஆங்கிலத்திற் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்திலேயே விடை சொல்லிவிடுகின்றோம். அது விரைவானது, எளிதானது. விலா விசோசாவிற் பிறந்த ஒருவர் தம் தோழரோடு தமிழிற் பேசியிருக்க, நாம் பெற்ற பிள்ளையோடு நாம் பேசத் தவறுகின்றோம்.

ஒரே ஊர் அனுப்பிய இருவர்

1549 இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்னும் துறவி கொல்லப்பட்டபின், அக்கரையின் பொறுப்பு அடிகளாரைச் சேர்ந்தது. 1576 வரை, 27 ஆண்டுகள், அவர் அப்பொறுப்பை வகித்தார். புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். 1553 இல் அவ்வூர் தாக்கப்பட்டபோது அவரும் சிறைபிடிக்கப்பட்டுத் துன்புற்றார். விடுதலை பெற்றதும் அதே மக்களிடம் மீண்டு பணியைத் தொடர்ந்தார்.

இனி நாம் கூறப்போவது ஈழத் தமிழராகிய எமக்கு எளிதன்று. ஆயினும் மறைத்தல் முறையன்று. 1560 இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையுடன் வந்து யாழ்ப்பாணத்தைத் தாக்கினார். நல்லூர் சூறையாடப்பட்டது. நிலையாகக் கைப்பற்ற இயலாமற் பின்வாங்கிய அவர் மன்னாரில் கோட்டையை அமைத்தார். 1544 இல் சங்கிலி மன்னன் மன்னாரில் மதம் மாறியோரைக் கொல்வித்தமை இப்படையெடுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் 1619 இல் யாழ்ப்பாண அரசு முற்றாக வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது.

அந்த அரசப் பிரதிநிதி, விலா விசோசாவின் பளிங்கு மாளிகைக்கு உரிய பிரகன்சாக் குடும்பத்தவர். அவ்வூரின் மாளிகைக் குடியினர் ஒருவர் படையுடன் எம் மண்ணுக்கு வந்தார். அவ்வூரின் எளிய குடியினர் ஒருவர் எழுத்தாணியுடன் வந்தார். 1560 இன் பின்னர்ப் புன்னைக்காயல் மக்களிற் பலர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தபோது அடிகளாரும் அங்கே சென்று பணிசெய்தார். அவர் தங்கிய மன்னார், அந்தப் படை பிடித்த மன்னாரே. அவருடைய பணி போர்த்துக்கேயக் கொடியின் நிழலிலே நடந்தது என்பதையும், தம் சமயத்தைப் பரப்புவதே அவர் நோக்கம் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். இவற்றை அறிந்த பின்னரும் அவர் தமிழுக்குச் செய்தது நிலைத்து நிற்கின்றது. ஓரினத்தாரை முழுமையாகப் பகைப்பதும் முழுமையாகப் புகழ்வதும் எளிது. மனிதரை அவரவர் செயலால் அளப்பதே கல்வி. போரினால் ஊரை இழந்து வந்த நாம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுள்ளோம்.

1578: தமிழ் எழுத்து தாளில் ஏறிய ஆண்டு

தமிழ்மொழி அச்சிலே முதன்முதலில் வந்தது லிஸ்பனில். 1554 இல் கார்த்தில்யா எனப்படும் சமயச் சிறுநூல் அங்கே பதிப்பிக்கப்பட்டது. அதில் இருந்தது தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. தமிழ் அச்செழுத்து அன்று உலகில் எங்கும் இல்லை. அதனைத் தமிழிற் பெயர்த்தவர் இந்தியர் மூவர். அவர்கள் வின்சென்ட் த நாசரே, ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்னும் போர்த்துக்கேயப் பெயர்களாலேயே அறியப்படுகின்றனர். அவர்களுடைய தாய் இட்ட தமிழ்ப் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

தமிழ் எழுத்துகளை வார்க்கும் முயற்சி பின்னர் இந்தியாவில் நடந்தது. 1577 இல் கோவாவில் ஜுவான் கொன்சால்வஸ் என்னும் துறவி எழுத்துகளை வார்த்தார். அவற்றினும் திருந்திய எழுத்துகளை 1578 இல் கொல்லத்தில் ஜுவான் த பாரியா வார்த்தார். பேரோ லூயிஸ் என்னும் இந்தியத் துறவி துணைநின்றார். முத்துக்குளித்துறைப் பரதவர் பொருள் உதவினர். கடலில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தின் வருவாய் தமிழ் எழுத்தாக மாறியது.

1578 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் நாள் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பக்கங்கள் 16 மட்டுமே. சவேரியாரின் சமயப் பாடத்தை அடிகளார் தமிழிற் பெயர்த்திருந்தார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் இதுவே. தம்பிரான் என்ற சொல் சைவர்க்கும் உரியது. கேட்போர்க்குப் பழகிய சொல்லையே அடிகளார் தேர்ந்தார். ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. அவ்வழக்கமே அக்கால அச்சிலும் தொடர்ந்தது. புள்ளி எங்கே எனப் பிழைபிடிக்கும் நம் மூன்றாம் வகுப்பு மாணவர் அந்நூலைக் கண்டால் சிவப்பு மையால் நிரப்பிவிடுவர்.

1579 இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1580 இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூலொன்றும், 1586 இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன. 1586 இல் அடிகளாருக்கு வயது 66.

1600 பெப்ரவரியில், ஏறத்தாழ 80 வயதில், அவர் புன்னைக்காயலில் மறைந்தார். 53 ஆண்டுகள் அக்கரையில் வாழ்ந்தவரின் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. சுற்றுப்புறத்து முஸ்லிம்களும் இந்துக்களும் அவருக்காகத் துயருற்றனர் என்று சேசு சபையாரின் குறிப்புகள் கூறுகின்றன.

எங்கே காணலாம்

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். லிஸ்பனில் பெலேம் என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். வாஸ்கோ த காமா துயிலும் ஜெரோனிமோஸ் மடம் அங்கே உள்ளது. அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் அமைந்த தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு உரியதே 1554 இன் கார்த்தில்யா. புதுப்பித்தற் பணிக்காக அருங்காட்சியகம் 2022 இல் மூடப்பட்டமையால், செல்வோர் முன்கூட்டியே விசாரித்துச் செல்க. அடிகளாரின் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது.

இந்தியாவுக்குச் செல்வோர் கொச்சியில், காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் கோயிலையும், கொல்லத்துத் தங்கசேரியில் இடிந்த கோட்டையையும், தூத்துக்குடியில் 1713 இல் எழுந்த பனிமய மாதா கோயிலையும் காணலாம். ஈழத்துக்குச் செல்வோர் மன்னார்க் கோட்டையின் முன் சிறிது நேரம் நிற்பீர்களாக.

தம்பிரான் வணக்கமோ நமக்கு அண்மையிலேயே உள்ளது. அறியப்பட்ட அதன் பிரதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் பேணப்படுகின்றது. இங்கிருந்து வாகனத்தில் ஐந்து மணித்தியாலப் பயணம். அந்நூலகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரிலேதான் 1640 இல் இந்நாட்டு ஆங்கிலக் குடியேற்றங்களின் முதல் நூல் அச்சாயிற்று. தமிழ் எழுத்து அதற்கு 62 ஆண்டுகள் முன்னரே அச்சேறிவிட்டது. தமிழ் படிப்பதை வேற்றுப் பிள்ளைகள் முன் சொல்லத் தயங்கும் மாணவர்கள் இந்தக் கணக்கை மனத்திற் கொள்க.

இந்நூல்கள் அந்நிய நாட்டு அலுமாரிகளிற் கிடந்தபோது, அவற்றைத் தேடிச் சென்று தமிழருக்கு எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துத் தீவகத்திற் பிறந்த தனிநாயகம் அடிகளார் ஆவார். 1950 களில் ஐரோப்பிய நூலகங்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் வழிகாட்டின. அண்டிரிக்கி அடிகளாரின் இலக்கணத்தை ஜீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். ராஜம் அம்மையாரும் ஆங்கிலத்திற் பெயர்த்து ஆராய, 2013 இல் ஹார்வர்ட் வெளியீடாக அது வந்தது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. மீளப் பெற முடியாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. கொல்லத்தில் அச்சான 16 பக்கங்களோ கடல்கள் கடந்து, நாடு மாறி, நம்மைப் போலவே அமெரிக்காவிற் குடியேறிப் பாதுகாப்பாக உள்ளன. நூல் அலுமாரியில் இருந்தாலே பிழைத்துவிடும். மொழிக்கு அது போதாது; பேசுவதற்கு வாயும் கேட்பதற்குச் செவியும் வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடிகளாரின் விதியை நம் வீடுகளில் இரவு உணவு வேளைக்கு மட்டுமாவது கைக்கொள்வோம். பிழைபடப் பேசினாலும் நகைக்காதிருப்போம். அவரும் முதலிற் பிழைபடவே பேசியிருப்பார். எம் வீட்டில் இவ்விதி தொடங்கி ஒரு திங்களாயிற்று. விதியை மீறுபவர் பாத்திரம் கழுவ வேண்டும். இதுவரை அதிக நாள் கழுவியவர் இக்கட்டுரையின் ஆசிரியரே.

வாழ்க தமிழ்!